வார்னிஷுக்கு முந்தைய வேலை: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பூச்சு எதுவும் இல்லாமல் வெறும் மரமாக வாங்கிய ஒரு மேசை, ஒரு புத்தக அலமாரி, ஒரே மாதிரி இரண்டு ஸ்டூல். எல்லாம் பைன் மரம். நானே தேய்த்துச் சாயம் கொடுத்து, தண்ணீர் கலந்த வகை வார்னிஷ் அடித்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. எந்த வார்னிஷ் நல்லது என்று யாராவது கேட்டால், அடிக்கிறதுக்கு முன்னால் மரத்தை என்ன செய்யப்போகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்கிறேன்.

புது மரம் தொட்டால் வழவழவென்றுதான் இருக்கும். ஆனால் இழைப்பு இயந்திரம் விட்டுப்போன குறுக்கு வரிகள் அதில் ஒளிந்திருக்கும். விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் பிடித்தால் அலை அலையாகத் தெரியும். சாயம் பட்ட பிறகு தெரிந்து பயனில்லை. 120, 150, 180, 220 என்று வரிசையாக (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்), மர ரேகை ஓடும் திசையிலேயே உப்புத்தாள் போட வேண்டும். நடுவில் ஒன்றை விட்டுத் தாவினால் முந்தைய தாளின் கீறல் அப்படியே தங்கும். சாயம் கொடுப்பதாக இருந்தால் 220-க்கு மேல் தேய்ப்பது வீண் உழைப்பு. மரம் சாயத்தைச் சரியாகக் குடிக்காது. பலகையின் வெட்டுமுனை, அதாவது ரேகைக்குக் குறுக்கே அறுபட்ட முனை, மட்டும் விதிவிலக்கு. அது சாயத்தை அதிகம் உறிஞ்சிக் கறுத்துப்போகும் என்பதால் அங்கே 320 வரை போனேன்.

ஸ்டூல் இரண்டையும் வேண்டுமென்றே வேறுவேறாகச் செய்தேன். ஒன்றை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஈரத்தில் எழும்பி நின்ற மர நார்களை 220 தாளால் லேசாக நீவிவிட்டு அடித்தேன். இன்னொன்றில் ஈரமே காட்டவில்லை. முதல் பூச்சு காய்ந்ததும் அது இரண்டு நாள் மழிக்காத தாடை போலச் சொரசொரத்தது. பூச்சின் மேல் தேய்த்துத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. விளிம்புகளில் சாயமும் சேர்ந்து போய்விட்டது. அந்த வெளிறிய கோடு இன்னும் இருக்கிறது. முதல் ஸ்டூலில் அந்தச் சிக்கலே வரவில்லை.

அடுத்து பசை. மூட்டில் பிதுங்கிக் காய்ந்த பசை வெறும் மரத்தில் கண்ணுக்கே தெரியாது. சாயம் கொடுத்ததும் வெள்ளைத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும். டர்பென்டைன் நனைத்த துணியால் துடைத்தால், மரம் கறுக்க, பசை உள்ள இடம் மட்டும் வெளிறி நிற்கும். அலமாரியின் ஒரு மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை இப்படித்தான் பிடிபட்டது. உளி முனையால் சுரண்டி, அந்த இடத்தை மறுபடி தேய்த்தேன். டர்பென்டைன் முழுக்க ஆவியான பிறகுதான் அடுத்த வேலை.

பைன் சாயத்தைத் திட்டுத்திட்டாகக் குடிக்கும். முன்பூச்சாக நீர்த்த ஷெல்லாக் (அரக்கிலிருந்து எடுக்கும் பூச்சு) கொடுத்தால் சமமாகும், ஆனால் நிறம் கொஞ்சம் வெளிறலாகத்தான் வரும். மேசையின் அடிப்பக்கத்தில் முதலில் சோதித்துப் பார்த்ததால் அதற்கேற்ற நிறம் எடுக்க முடிந்தது. மெழுகு நீக்கிய ஷெல்லாக்காகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் மேலே அடிக்கும் வார்னிஷ் சரியாகப் பிடிக்காது.

கூரான விளிம்புகளை மட்டும் சோம்பல்படாமல் மழுக்கிவிடுங்கள். கூர்முனையில் பூச்சு மெல்லியதாகத்தான் நிற்கும், முதலில் தேய்வதும் அங்கேதான். மேசையின் முன்விளிம்பில் தினமும் கை உரசுகிறது, மழுக்கிய இடம் என்பதால் இன்னும் பளபளப்பு குறையவில்லை.

தூசிக்கு வேக்குவமும் லேசான ஈரத்துணியும் போதும். தேய்க்க ஸ்டீல் உல் (மெல்லிய இரும்புக் கம்பிச் சுருள்) மட்டும் வேண்டாம். உடைந்து தங்கும் கம்பித் துணுக்கு தண்ணீர் கலந்த வகை வார்னிஷுக்கு அடியில் துருப்பிடிக்கும்.