மூன்று ரெசின் கிட்டுக்கு 165 டாலர்: நான் ஏமாந்த விதம்

போன அக்டோபரில் ஒரு ரயில் மாடல் கண்காட்சியில், சரக்குப் பெட்டி மாடல் கட்டுவதற்கான மூன்று ரெசின் கிட்டுக்கு (ரெசின் பிளாஸ்டிக்கில் வார்த்த உதிரி பாகங்கள்) 165 டாலரை முன்பணமாகவே கொடுத்துவிட்டு வந்தேன். ஏழு மாதம் கழித்து வந்து சேர்ந்தது நான் கேட்ட பெட்டி இல்லை. அப்படி ஒரு பெட்டி எந்தத் தண்டவாளத்திலும் ஓடியிருக்கவே முடியாது. விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. அவருக்குக் கடை என்று இருப்பதே ஒரு மடக்கு மேசையும் ஒரு மின்னஞ்சல் முகவரியும்தான். நாளைக்கு வேறு பெயரில் வந்து உட்காருவார். அதனால் ஏமாற்றிய விதத்தை மட்டும் சொல்கிறேன்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில், ஹாரிஸ்பர்க் பக்கம். ஆற்றைக் கடந்தால், ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் ஈனோலா யார்டு. பென்சில்வேனியா ரயில்ரோடு 1905-ல் திறந்த அந்த யார்டின் ஒரு மூலையைத்தான், 1948-ல் இருந்தபடி, வீட்டு பேஸ்மென்ட்டில் எச்.ஓ. அளவில், அதாவது 87-ல் ஒரு பங்காக, கட்டிக்கொண்டிருக்கிறேன். 1948 ஈனோலாவுக்கு எக்ஸ்29 ரகப் பெட்டி இல்லாமல் முடியாது. 1924-லிருந்து பத்து வருடத்தில் 30,000-ஐ ஒட்டிய எண்ணிக்கையில் கட்டப்பட்ட, குள்ளமான இரும்பு மூடுபெட்டி அது. முதலில் வந்தவற்றுக்கு இரண்டு முனைச்சுவரும் தட்டைத் தகடு. பிற்பாடு வந்தவற்றுக்கு 'டிரெட்நாட்' என்கிற வரிவரியாகப் புடைத்த முனை. வருடம் போகப்போகப் பக்கச்சுவரின் அடிப்பகுதி துருப்பிடித்து, பல பெட்டிகளுக்கு அங்கே ஒட்டுத்தகடு அடித்தார்கள். எனக்கு வேண்டியது அதுதான்: தட்டை முனை, அடியில் ஒட்டுத்தகடு, பழைய 'கே' பிரேக், வட்டத்துக்குள் அந்த ரயில்ரோடின் கீஸ்டோன் (ஆப்பு வடிவக் கல்) சின்னம்.

இதையெல்லாம் மேசைக்காரரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். "எல்லாம் அப்படியே இருக்கும், உங்களை மாதிரி ஆட்களுக்காகத்தான் செய்கிறேன்" என்றார். மேசையில் கட்டி முடித்து, துருவும் தூசியும் ஏற்றிய ஒரு மாதிரி நின்றது. அழகென்றால் அப்படி ஒரு அழகு. பெயின்ட் அடிக்காத வெறும் வார்ப்பு ஒன்றைக் காட்டுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மண்டையில் குட்டிக்கொள்கிறேன்.

மே மாதம் பார்சல் வந்தது. பிரித்ததும் முதலில் தெரிந்தது முனைச்சுவர். மூன்றுமே டிரெட்நாட். பக்கச்சுவரில் ஒட்டுத்தகட்டுக்கு அடையாளமே இல்லை. சரி, இந்த மாதிரியும் எக்ஸ்29-ல் உண்டு, பெட்டி எண்ணை மாற்றிச் சமாளிக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பெட்டி மேல் ஒட்டுகிற எழுத்தும் சின்னமும் அச்சிட்ட டெக்காலை எடுத்தேன். கீஸ்டோனுக்குப் பின்னால் நிழல் விழுகிற சின்னம்! அது 1954-ல் வந்தது. அடிச்சட்டத்துக்குக் கொடுத்திருந்ததோ 'கே' பிரேக்: சிலிண்டரும் காற்றுத்தொட்டியும் ஒரே கட்டியாக இருக்கும் பழைய வகை. 1933-க்கு அப்புறம் வந்த புதுப் பெட்டிகளுக்கு, மூன்று தனித்தனி உறுப்பாகப் பிரிந்திருக்கும் 'ஏபி' பிரேக் கட்டாயம். பழைய பெட்டிகளுக்குக் கொடுத்த கெடுவை நீட்டி நீட்டி, 1953-ல் 'கே' பிரேக்கோடு ஒரு ரயில்வேயிலிருந்து இன்னொன்றுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்கள். ஆக, டெக்கால்படி பெட்டி 1954-க்குப் பிந்தியது, பிரேக்படி 1953-க்கு முந்தியது. நிஜத்தில் இல்லாத இந்த மாதிரிப் பெட்டிக்கு இங்கே 'ஃபூபி' என்று கேலிப்பெயர். நான் வாங்கியது மூன்று ஃபூபி.

இதைப் படித்துவிட்டு "ரிவெட் எண்ணுகிறவன்" என்று சிரிப்பீர்கள்; தகடுகளை இணைக்கும் ஆணியைக்கூட எண்ணிப் பார்க்கிற ஆள் என்று அர்த்தம். எங்கள் அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் நிஜமாகவே ரிவெட் அடித்தவர். எண்ணுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

அதோடு போயிருந்தால் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். கிட்டைக் கட்ட ஆரம்பித்தபோதுதான் அடுத்தது வெளிப்பட்டது. பாத்திரம் கழுவும் சோப்பில் வார்ப்புகளைக் கழுவி, கோணியிருந்த பக்கச்சுவரை வெந்நீரில் போட்டு நிமிர்த்தி, கைப்பிடிக் கம்பிகளுக்கு 80-ஆம் நம்பர் டிரில்லில் துளை போட்டேன். ரெசின் பொறை பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. உள்ளே முழுக்கக் காற்றுக்குமிழி. ரிவெட்கள் பாதி மழுங்கியிருந்தன. கூரையும் பக்கச்சுவரும் நீளத்தில் ஒட்டவே இல்லை. பக்கச்சுவரின் உட்புறத்தில் ஒரு சதுரம் மட்டும் உப்புத்தாளால் தேய்த்தது போல மழமழவென்று இருந்தது.

நண்பர் ஒருவரிடம் பழைய பிளாஸ்டிக் எக்ஸ்29 கிட் ஒன்று பிரிக்காமல் இருந்தது. பக்கத்தில் வைத்ததும் புரிந்துவிட்டது. ரிவெட் வரிசையும் கதவுத் தண்டவாளத்தின் சின்ன வளைவும் அச்சு அசலாக அதேதான். என்னுடையது மட்டும் நீளத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. ரெசின் இறுகும்போது சற்றுச் சுருங்கும். ஏற்கெனவே உள்ள மாடலை வைத்து ரப்பர் அச்சு எடுத்து வார்த்தால் பிரதி சிறுத்துத்தான் வரும். அசல் கிட்டில் தயாரித்தவரின் எழுத்து இருந்த இடம்தான், என்னுடையதில் மழமழவென்றிருந்த அந்தச் சதுரம்.

போன் செய்தேன். "முப்பதாயிரம் பெட்டி ஓடியிருக்கிறது, அதில் ஒன்றாவது இப்படி இருந்திருக்காதா?" என்றார். பிரேக் கணக்கைச் சொன்னேன். "மூன்றடி தள்ளி நின்று பாருங்கள், ஒன்றும் தெரியாது" என்றார். காப்பி எடுத்ததைப் பற்றிக் கேட்டதும் லைன் துண்டித்துப்போனது. அப்புறம் எடுக்கவே இல்லை.

பணமும் வரவில்லை. பேபாலில் 'நண்பர், குடும்பம்' வழியாக அனுப்பினால் ஐந்து டாலர் குறைப்பதாகச் சொல்லியிருந்தார். நானும் அப்படியே அனுப்பினேன். அந்த வழியில் அனுப்பிய பணத்துக்கு, பொருள் வாங்குகிறவருக்கான பாதுகாப்பு கிடையாது. கண்காட்சியில் கைகுலுக்கிப் பேசிய ஆள்தானே என்ற தைரியம், வேறென்ன.

இப்போதெல்லாம் பெயின்ட் அடித்த மாதிரியைப் பார்ப்பதே இல்லை. வெறும் வார்ப்பை அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்து உள்பக்கமும் வெளிப்பக்கமும் படம் கேட்கிறேன், தயங்குகிறவரிடம் வாங்குவதில்லை. எந்த எண் வரிசைப் பெட்டி, எந்த வருடப் புகைப்படத்தைப் பார்த்துச் செய்தது என்றும் கேட்கிறேன். நிஜமாகவே மாஸ்டர் (அச்சு எடுப்பதற்கான மூல மாடல்) செதுக்கியவர் இதற்கு அரை மணி நேரம் பதில் சொல்வார், போதும் என்று நாம்தான் நிறுத்த வேண்டும். பெட்டிகளின் அளவுகளை எண் வரிசைப்படி அச்சிட்டு வந்த ரயில்வே எக்விப்மென்ட் ரிஜிஸ்டரின் பழைய இதழ்கள் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. உங்கள் வருடத்துக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; இரண்டு கிட் விலைகூட ஆகாது.

என் மூன்றில் ஒன்று ஏர்பிரஷ் பழகுவதற்குப் போய்விட்டது. மற்ற இரண்டும் அலமாரியில் கிடக்கின்றன. விற்றால் திருட்டுக் காப்பியை நானும் கைமாற்றிவிட்டதாக ஆகும்.

போன வாரம் இணையத்தில் வேறொரு விற்பனைப் பெயரில் "புதிய மாஸ்டர்" என்று ஒரு எக்ஸ்29 ரெசின் கிட்டைப் பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கினேன். கதவுக்கு இடப்பக்கம், மேல்வரிசையில் நான்காவது ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். என்னிடம் இருக்கும் மூன்றிலும் அதே இடத்தில் அதே பள்ளம் இருக்கிறது.