முதலில் கியர்பாக்ஸ், அப்புறம்தான் வண்டி: பிரெஸ்ஸாவோடு மூன்று வருடம்

2023 தொடக்கத்தில் மாருதி பிரெஸ்ஸா ஆட்டோமேட்டிக் எடுத்தேன். வீடு பொள்ளாச்சி, வேலை கோவை. தினமும் போகவர எண்பது கிலோமீட்டருக்குக் குறையாது. அது போக வால்பாறை, பழனி, மாமனார் ஊர் என்று மாதத்துக்கு ஒரு நெடுஓட்டமாவது இருக்கும். எடுப்பதற்கு முன்னால் நெக்ஸான், வென்யூ, சோனெட், எக்ஸ்யூவி 300, மேக்னைட் என்று எல்லாவற்றிலும் ஏறி இறங்கிப் பார்த்தாயிற்று. உடுமலையில் இருக்கும் மச்சானிடம் நெக்ஸான் டீசல் இருக்கிறது. அலுவலக நண்பரிடம் வென்யூ டர்போ. இரண்டையும் அவ்வப்போது ஓட்டக் கிடைப்பதால் ஒப்பீடு இன்னும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. இப்போது வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

இந்த வகைச் சின்ன எஸ்யூவி வண்டிகள் எல்லாம் வரி விதியிலிருந்து பிறந்தவை. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு. மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் 2013இல் வந்து நன்றாக ஓடவே, 2016இல் விட்டாரா பிரெஸ்ஸா, 2017இல் நெக்ஸான், 2019இல் வென்யூ, 2020இல் சோனெட்டும் மேக்னைட்டும் என்று வரிசை கட்டின. எல்லோரும் ஒரே நாலு மீட்டருக்குள் அடைக்க வேண்டியிருப்பதால் அளவு விவரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்புதான் வரும். நான் பார்த்தபோது பிரெஸ்ஸா, வென்யூ, சோனெட் மூன்றுக்கும் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம், 2500 மிமீ, நெக்ஸானுக்கு 2498. கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி என்று சொல்லிப் பத்து மில்லிமீட்டருக்குச் சண்டை போடுகிறார்கள். ஐந்து பேர் ஏறி உட்கார்ந்தால் எல்லாமே இறங்கத்தான் போகிறது. இந்தப் பட்டியலை வைத்து வண்டி தேர்ந்தெடுக்க முடியாது.

நான் முதலில் கேட்கச் சொல்வது கியர்பாக்ஸைத்தான். மேனுவல் போதும் என்றால் பிரச்சினையே இல்லை, எந்த வண்டி பிடிக்கிறதோ அதை எடுக்கலாம். ஆட்டோமேட்டிக் என்றால் நிதானிக்க வேண்டும். ஒரே பெயரில் நாலு வேறு சாமான்களை விற்கிறார்கள். ஏஎம்டி என்பது மேனுவல் பெட்டிதான்; கிளட்ச்சை நம் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்கிறது. விலை குறைவு, மைலேஜ் நல்லா வரும். ஆனால் கியர் மாறும்போது ஒரு தயக்கம் இருக்கும், கூட வருகிறவர்கள் லேசாக முன்னால் தலையாட்டுவார்கள். டிசிடி இரட்டை கிளட்ச் கொண்டது, கியர் மாறுவது தெரியவே தெரியாது. நெடுஞ்சாலையில் நண்பரின் வென்யூவை ஓட்டிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க மனசே வராது. ஆனால் இந்த வகை வண்டிகளில் வருவது பெரும்பாலும் உலர் கிளட்ச். அடி அடியாக ஊர்ந்து போகிற நெரிசலில், அதுவும் ஏற்றத்தில், சூடாவது அதன் இயல்பு. சிவிடியில் கியர் என்ற படியே கிடையாது. நகரத்துக்கு சுகம், அழுத்தி மிதித்தால் சத்தம் முன்னால் போகும், வண்டி பின்னால் வரும். டார்க் கன்வெர்ட்டர் பழைய தொழில்நுட்பம். என்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது. அதனால் கொஞ்சம் பெட்ரோல் அதிகம் குடிக்கும், கொஞ்சம் சோம்பல். ஆனால் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக நகரும், நெரிசலில் தேய்வதற்குக் கிளட்ச்சே கிடையாது.

உக்கடம், காந்திபுரம் பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்டுகிறவனுக்கு இது போதும். பிரெஸ்ஸாவில் இருப்பது 6 வேக டார்க் கன்வெர்ட்டர். நான் அதற்காகத்தான் இந்த வண்டியை எடுத்தேன், மாருதி என்பதற்காக அல்ல. மூன்று வருடத்தில் கியர்பாக்ஸ் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டி வரவில்லை.

மலை ஏறும்போது கதை வேறு. ஆழியாறு தாண்டினால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பிரெஸ்ஸாவின் 1.5 லிட்டர் என்ஜினுக்கு டர்போ கிடையாது. அதிகபட்ச இழுவிசை 137 நியூட்டன் மீட்டர், அதுவும் என்ஜின் நிமிடத்துக்கு 4400 சுற்று சுற்றும்போதுதான் முழுசாக வரும். வளைவில் திரும்பி மிதித்தால் இரண்டாம் கியருக்கு இறங்கி, சத்தம் போட்டுக்கொண்டு ஏறும். ஏறும், அதில் சந்தேகமில்லை. ஆனால் குடும்பமும் மூட்டை முடிச்சும் இருந்தால் முன்னால் போகிற அரசுப் பேருந்தைத் தாண்டுவதற்கு இடம் பார்த்து, நேரம் பார்த்துத்தான் மிதிக்க வேண்டும். அதே சாலையில் மச்சானின் நெக்ஸான் டீசல் 1500 சுற்றிலேயே 260 நியூட்டன் மீட்டரைக் கொடுக்கிறது. மூன்றாம் கியரில் பேசிக்கொண்டே ஏறுவார். "மாப்ள, உங்க வண்டி கத்துறது கீழ ஆழியாறு டேம் வரைக்கும் கேக்குது" என்பது அவருடைய வழக்கமான கேலி.

இறங்கும்போது எனக்குக் குறையில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலைத் தட்டி இரண்டில் நிறுத்தினால் என்ஜினே பிடித்துக்கொள்ளும். டி-யிலேயே விட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர்களின் வண்டியிலிருந்து வருகிற வாடையை அந்த வளைவுகளில் எப்போதும் முகரலாம். ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை ஷோரூமில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டு கிளம்புங்கள்.

அப்படியானால் டீசல்தானே நல்லது என்றால், அது உங்கள் அன்றாட ஓட்டத்தைப் பொறுத்தது. பிஎஸ்6 மாசு விதிப்படி வரும் டீசல் வண்டிகளின் புகைபோக்கியில் டிபிஎஃப் என்றொரு வடிகட்டி உண்டு. கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, நிறைந்ததும் எரித்துச் சாம்பலாக்கும். எரிக்க நல்ல சூடு வேண்டும். அதற்கு வண்டி ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். மச்சான் தாராபுரம், திருப்பூர் என்று தினமும் சுற்றுகிறவர், அவருக்கு வடிகட்டி அடைத்துக்கொண்டது என்று சொல்லும் எச்சரிக்கை விளக்கு எரிந்ததே இல்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, காய்கறி வாங்கிவிட்டுத் திரும்புகிற ஓட்டத்துக்கு டீசல் எடுத்தால் அந்த விளக்கோடுதான் குடித்தனம்.

மைலேஜ் கேட்காமல் விடமாட்டீர்கள். பொள்ளாச்சி–கோவை நாலுவழிச் சாலையில் 80, 90இல் போனால் 15லிருந்து 16 வரை கிடைத்தது. கோவைக்குள் மட்டும் என்றால் 11, 12. மலையில் பத்தைத் தாண்டினால் சந்தோஷம். எங்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இதில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, ஆகவே குறைவது நியாயம்தான். இது எல்லாப் பெட்ரோல் வண்டிக்கும் பொது. சிஎன்ஜி பற்றிப் பலர் கேட்கிறார்கள்: பிரெஸ்ஸாவில் சிலிண்டர் டிக்கியை விழுங்கிவிடும், நெக்ஸானில் இரண்டு சிறிய சிலிண்டர்களை டிக்கியின் தரைக்கடியில் வைத்து இடம் விட்டிருக்கிறார்கள். என் வழியில் பங்க் குறைவு என்பதால் நான் அதைப் பார்க்கவே இல்லை.

இனி பணம். ஷோரூம் விலையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். நான் வாங்கியபோது தமிழ்நாட்டில் ஆயுள் வரி 10 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 15. 2023 நவம்பரில் அது மாறியது. 5 லிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லிருந்து 20 லட்சம் வரை 18. கணக்குப் போட்டுப் பாருங்கள். 9.90 லட்சம் வண்டிக்கு வரி ஏறக்குறைய 1.29 லட்சம், 10.10 லட்சம் வண்டிக்கு 1.82 லட்சம். இருபதாயிரம் ரூபாய் வித்தியாசமுள்ள வேரியன்ட்டுக்கு வரியில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல் கூடுதல். சன்ரூஃபுக்காகப் பத்து லட்சக் கோட்டைத் தாண்டுகிறவர்கள் அந்த சன்ரூஃபுக்கு உண்மையில் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அதைத் திறப்பது யார் என்பது தனிக் கேள்வி.

2025 செப்டம்பர் 22க்குப் பிறகு ஜிஎஸ்டியும் மாறிவிட்டது. முன்னே சொன்ன அளவுக்குள் வரும் வண்டிகளுக்கு 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40. இங்கேதான் பிரெஸ்ஸா மாட்டுகிறது. நீளம் 3995 மிமீதான், ஆனால் பெட்ரோல் என்ஜின் 1462 சிசி. ஆகவே 40. நெக்ஸானும் வென்யூவும் 18இல். நான் ஒப்பிட்டபோது இருந்த விலை வரிசையை வைத்து இன்று யாரும் முடிவு செய்யக் கூடாது. சின்ன விஷயம் ஒன்று: மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு 1000 சிசிக்குள் 6,521 ரூபாய், அதற்கு மேல் 1500 வரை 10,640. வென்யூ டர்போவும் மேக்னைட்டும் ஆயிரத்துக்குள் அடங்கும் என்பதால் அதில் ஒரு நாலாயிரம் மிச்சம். முழுக் காப்பீட்டை டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. வெளியே விலை கேட்டு, அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் டீலரும் இறங்கி வருவார்.

உட்காரும் இடத்தைப் பற்றி. அப்பாவுக்கு மூட்டு வலி. ஒவ்வொரு ஷோரூமிலும் அவரை ஏற்றி இறக்கினேன். பிரெஸ்ஸாவின் உயரம் 1685 மிமீ, அப்போதைய வென்யூவுக்கு 1617. தாளில் ஆறேழு சென்டிமீட்டர்தான். கதவைத் திறந்து தலையைக் குனியாமல் உள்ளே போகிற மனிதருக்கு அதுதான் எல்லாம். "ஏறத் தொங்க வேண்டீதில்ல, உக்காரக் குனிய வேண்டீதில்ல, இதையே எடுத்துரு கண்ணு" என்றார். பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் தோள் இடிக்காமல் உட்கார வேண்டும் என்றால் மஹிந்திராவின் எக்ஸ்யூவி 300தான், 1821 மிமீ அகலம், 2600 வீல்பேஸ். ஆனால் அதன் டிக்கி 257 லிட்டர்தான். எங்கள் வீட்டில் ஊருக்குப் போனால் தேங்காய் மூட்டை இல்லாமல் திரும்புவதில்லை. பிரெஸ்ஸாவின் 328 லிட்டரில் மூட்டையும் இரண்டு பெட்டியும் அடங்கும். எக்ஸ்யூவி 300க்குப் பதிலாக 2024இல் வந்த 3எக்ஸ்ஓவில் டிக்கியைப் பெரிதாக்கிவிட்டார்கள்.

மோதல் பாதுகாப்பு உங்களுக்கு முதல் கணக்கு என்றால் பட்டியலை நெக்ஸானிலிருந்து தொடங்குங்கள். 2018இல் குளோபல் என்கேப் என்ற மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியக் கார் அது. இப்போது பாரத் என்கேப்பில் 3எக்ஸ்ஓவுக்கும் ஸ்கோடா கைலாக்குக்கும் 5 இருக்கிறது.

என் தங்கை இப்போது வண்டி பார்க்கிறாள். அவளுக்கும் நெரிசல், அவளுக்கும் ஆட்டோமேட்டிக். டார்க் கன்வெர்ட்டர்தான் வேண்டும் என்று கோடு போட்டதும், அவள் பார்த்துக்கொண்டிருந்தவற்றில் பிரெஸ்ஸா, 3எக்ஸ்ஓ பெட்ரோல், கைலாக், சோனெட் டீசல் என்று பட்டியல் சுருங்கிவிட்டது. அவள் ஓட்டத்துக்கு டீசல் ஆகாது, 40 சதவீத வரியும் வேண்டாம் என்றால் மிஞ்சுவது இரண்டு. டெஸ்ட் டிரைவுக்கு அவினாசி சாலையில் நேராக ஒரு ரவுண்டு கூட்டிப் போகிறோம் என்றார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாமல், சாயங்கால நேரம் கேட்டு, வாங்கப் போகிற அதே வேரியன்ட்டில், வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு உக்கடம் மேம்பாலம் ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஏசியை முழுசாக வைத்து.