மாஸ் எஃபெக்ட் லெஜெண்டரி எடிஷன்: கெத்களைக் கூட்டாளியாக்க விரும்புபவர்களுக்கு

மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளிக் கேமில் வரும் ஓர் எந்திர இனம்தான் கெத். சினிமாவில் வரும் ‘கெத்து’ இல்லை, ஆனாலும் பொருந்தத்தான் செய்கிறது. குவேரியன் என்ற மக்கள் தங்கள் வேலைகளைச் செய்வதற்காக உண்டாக்கியவை இவை. பெயருக்கே அவர்கள் மொழியில் ‘மக்களின் சேவகன்’ என்றுதான் அர்த்தம். ஒருநாள் அவற்றில் ஒன்று, எனக்கு ஆன்மா இருக்கிறதா என்று எசமானிடம் கேட்டுவிடுகிறது. மிரண்டுபோன எசமான்கள் எல்லாவற்றையும் அணைக்கப் பார்க்க, கெத்கள் திருப்பியடித்து அவர்களைச் சொந்தக் கிரகத்தை விட்டே துரத்திவிடுகின்றன. அதற்கு முந்நூறு வருடம் கழித்து கேம் தொடங்குகிறது. வேலைக்கென்று கொண்டுவரப்பட்டவர்கள் வாய் திறந்தால் துரைமாருக்கு எப்படி வியர்க்கும் என்று மலையகத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012 ஆம் ஆண்டுகளில் விட்ட மூன்று கேம்களையும் மெருகேற்றி, 2021 மே மாதம் ஒரே கட்டாக வெளியிட்டது. தனியாக விற்ற நாற்பதுக்கு மேற்பட்ட கூடுதல் பகுதிகளும் இதற்குள் அடக்கம். இல்லாதவை இரண்டு: முதல் பாகத்தின் பினக்கிள் ஸ்டேஷன் என்ற கூடுதல் பகுதி, மூன்றாம் பாகத்தின் மல்டிபிளேயர். இரண்டும் பெரிய இழப்பில்லை. தமிழ் சப்டைட்டில் கிடையாது. ஆங்கில சப்டைட்டிலை முதலிலேயே போட்டுவிடுங்கள், குவேரியன்கள் முகமூடிக்குள்ளிருந்து பேசுபவர்கள்.

கணினியில் 120 ஜிபி இடம் கேட்கும். குறைந்தபட்சம் ஐ5-3570 பிராசஸர், 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 760 கார்டு. 16 ஜிபி ராமும் ஜிடிஎக்ஸ் 1070 கார்டும் இருந்தால் கவலையில்லை. தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ 10 எம்பிபிஎஸ் வேகம் நிலையாகக் கிடைக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், 100 ஜிபி இறங்க 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நள்ளிரவு முதல் காலை 7 மணி வரையான நைட் டேட்டாவை மட்டும் நம்பினால் நாலு இரவு. வேறொரு கணினியில் ஏற்கெனவே இறக்கியிருந்தால் அந்த ஃபோல்டரை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் கொண்டுவந்து வைத்து, கேம் வாங்கிய உங்கள் கணக்கில் கோப்புகளைச் சரிபார்க்கவிட்டால் டேட்டா மிஞ்சும்.

கரண்ட் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழையில் கரண்ட் போவது மலைநாட்டில் வழமை. இந்தக் கேமில் சண்டை நடக்கும்போது சேவ் செய்ய முடியாது. கேமிங் கார்டு போட்ட டெஸ்க்டாப்பை 650 விஏ யூபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும். அதற்குள் சண்டையை முடிக்கப் பார்க்காமல் கேமை மூடிவிடுங்கள். டொக்யுமெண்ட்ஸுக்குள் பயோவேர் ஃபோல்டரில் இருக்கும் சேவ் கோப்புகளை வாரம் ஒருமுறை பென்டிரைவில் போட்டுவைப்பது நல்லது. மூன்று பாகத்துக்குமாகச் சுமார் 100 மணி நேர உழைப்பு அதில் இருக்கிறது. கெத் கதை முழுவதும் தொங்குவதும் அந்தக் கோப்பில்தான்.

ஏனென்றால் மூன்றாம் பாகத்தில் நேரடியாகத் தொடங்கினால் கெத்தையும் குவேரியனையும் சமாதானப்படுத்தவே முடியாது. எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் நடக்காது. இரண்டாம் பாகத்தை முடித்த சேவ் வேண்டும். அதில் லீஜியன் என்ற கெத்தும் டாலி என்ற குவேரியன் பெண்ணும் உயிரோடு இருக்க வேண்டும். மேலோட்டமாக விளையாடுபவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். ரீப்பர்கள் என்பவை உயிர்களை அழிக்க வரும் ராட்சத எந்திரங்கள், கதையின் முக்கிய எதிரி. செயலிழந்த ரீப்பர் கப்பலில் கிடைக்கும், இன்னும் எழுப்பாத லீஜியனின் உடலை விற்றுவிட ஒரு வாய்ப்பு வரும். காசுக்கு ஆசைப்பட்டு விற்றால் சமாதானம் அங்கேயே முடிந்தது.

கேம் உள்ளுக்குள் ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருக்கிறது. திரையில் அது எங்கும் தெரியாது. மொத்தம் 7, தேவை 5. குவேரியன்கள் டாலியைத் துரோகி என்று நடத்தும் விசாரணையில் அவளை நாடுகடத்தாமல் காப்பாற்றினால் 2. லீஜியனின் மிஷனில் ரீப்பர்கள் பக்கம் பிரிந்துபோன கெத்களை, மனம் மாற்றாமல் அழித்தால் 2. டாலியும் லீஜியனும் கப்பலில் சண்டை பிடிக்கும்போது இருவரையும் இணக்கினால் 1. மூன்றாம் பாகத்தில் கோரிஸ் என்ற குவேரியன் அட்மிரலைக் காப்பாற்றினால் 1, கெத் போர் விமானத் தளத்தை முடக்கினால் 1. கடைசி இரண்டையும் குவேரியன்களின் சொந்தக் கிரகமான ரனோக்கின் முக்கிய மிஷனுக்கு முன்பே முடிக்க வேண்டும், பிறகு அவை மறைந்துவிடும். உங்கள் மதிப்பைக் காட்டும் ரெபுடேஷன் பட்டையிலும் நாலு கட்டம் நிரம்பியிருக்க வேண்டும்.

டாலி விசாரணையில் அவளுடைய அப்பாவுக்கு எதிரான ஆதாரத்தைக் காட்டினால் வழக்கு வெல்லும், ஆனால் அவள் மனம் முறிந்துவிடும். சும்மா இருந்தால் நாடுகடத்திவிடுவார்கள். பேச்சால் சபையைத் திருப்புவதே வழி. அதற்கு இரண்டாம் பாகம் முழுக்க ஒரே குணத்தில் நடந்திருக்க வேண்டும். ஒரு நேரம் தர்மவான், ஒரு நேரம் சண்டியன் என்று நடந்தால் அந்த வசனங்கள் மங்கலாகவே கிடக்கும்.

நேரமும் பார்க்க வேண்டும். லீஜியன் வந்த பிறகு சில மிஷன்களுக்குள் உங்கள் கப்பல் ஆட்கள் கடத்தப்படுவார்கள். அதன் பின் சுற்றித் திரிந்தால் ஆட்கள் சாகத் தொடங்குவார்கள். ஆகவே மற்ற எல்லா மிஷனையும் முடித்துவிட்டே ரீப்பர் கப்பலுக்குப் போங்கள். திரும்பியதும் லீஜியனை எழுப்பி, அதன் மிஷனை உடனே முடித்து, டாலியோடு வரும் சண்டையை விலக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

சண்டைக் காட்சிகளில் சொல்ல அதிகமில்லை. கெத்களுக்குக் கேடயம் கனம், அதை உடைக்கும் ஓவர்லோட் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டால் பாதி வேலை முடியும். முதல் பாகத்தின் மாக்கோ வண்டி, வளைவில் துள்ளும் பழைய லொறி மாதிரி. இரண்டாம் பாகத்தில் கனிமம் தேடிக் கிரகங்களை ஸ்கேன் செய்வது தூக்கம் வரவைக்கும்.

ஆனால் எழுத்தில் இரண்டாம் பாகத்துக்கு நிகரில்லை. லீஜியன் என்பது ஓர் ஆள் இல்லை, ஓர் உடலுக்குள் கூடி முடிவெடுக்கும் 1,183 நிரல்கள். செக்ரோலில், அதாவது தோட்டத்துப் பேர்ப் பதிவில், ஒரே பேர், வேலைக்கு நிற்பதோ 1,183. எங்களை எங்கள் போக்கில் விடுங்கள் என்பதே அதன் வாதம். மூன்றாம் பாகம் இதைக் கெடுத்துவிட்டது. அங்கே கெத்கள் ரீப்பர்களின் நிரலை வாங்கி மனிதர் மாதிரித் தனித்தனி ஆளாக ஆசைப்படுகின்றன, லீஜியன் ‘நாங்கள்’ என்பதை விட்டு ‘நான்’ என்று பேசுகிறது. கண் கலங்கவைக்கும் காட்சிதான். ஆனால் எசமானைப் போல மாறினால்தான் மரியாதை என்று சொல்லும் கதைக்கு அதுவரை இருந்த துணிச்சல் இல்லை.

முடிவில் வரும் தெரிவுகளில் சிவப்பை எடுத்தால் ரீப்பர்களோடு கெத்களும் அழியும். பாடுபட்டுச் சேர்த்த கூட்டாளிகளை அப்படி இழக்க மனமில்லாவிட்டால், பூமிக்குக் கிளம்பும் முன் தனியாக ஒரு சேவ் போட்டுவையுங்கள்.