பினாங்கில் ஒரு மனநல வார்டு: கனிவு உண்டு, கோப்பில் கோட்டைவிட்டார்கள்

ஜார்ஜ்டவுன் பக்கத்து மருத்துவமனை ஒன்றின் மனநல வார்டு இது. அறைகள் சுத்தம், சாப்பாடு பரவாயில்லை. பார்க்க வேண்டியது கோப்புகளைத்தான்.

மலேசியாவின் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, தானாக வந்து சேர்பவர் வேறு, உறவினர் மனுவின் பேரில் சேர்க்கப்படுபவர் வேறு. இரண்டாமவருக்கு, மருத்துவர் நேரில் பரிசோதித்துத் தந்த பரிந்துரை வேண்டும். சேர்த்த 24 மணி நேரத்துக்குள் மறுபரிசோதனையும் நடக்க வேண்டும். இதைப் பதிவு மேசையிலேயே தமிழில் விளக்குகிறார்கள். பாராட்டலாம்.

சறுக்கல், மூளைக்குள் சிறிதளவு மின்சாரம் செலுத்தும் மின்னதிர்வுச் சிகிச்சையின் ஒப்புதல் படிவத்தில். சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி, புரிந்து முடிவெடுக்கக்கூடிய நோயாளியின் ஒப்புதல்தான் செல்லும். அவரால் இயலாதபோதுதான் உறவினர். இங்கோ, நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே, "நீங்களே போட்டுடுங்கம்மா" என்று தாயிடம் பேனாவை நீட்டுகிறார்கள்.

நோயாளியைப் பட்டையால் கட்டிவைத்திருக்கும்போது தாதி அவ்வப்போது பார்த்து எழுத வேண்டிய கட்டிவைத்தல் பதிவேடு இன்னும் மோசம். 2.00, 2.15, 2.30 மணிக் குறிப்புகள் எல்லாம் ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருக்கிறது. பட்டைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் விரல் நுழைகிறதா, விரல்நுனி சில்லிட்டிருக்கிறதா, தண்ணீர் கொடுத்தார்களா, கழிவறைக்கு அழைத்துப்போனார்களா: எதுவும் இல்லை. வெறும் 'ஓகே'. பார்க்காமல் எழுதிய பதிவு தாதியின் வருடாந்திரத் தொழில் சான்றிதழுக்கே உலை வைக்கும். "டாக்டர் சொன்னார்" என்ற சாக்கு எடுபடாது.

படிவங்களின் நகல் கேட்டால் தருகிறார்கள். கேட்காவிட்டால் இல்லை.