மரீன் தெருவில் ஒரு வரலாற்று நடை: மதிப்புரை

புதுச்சேரி மரீன் தெருவில் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தின் மதிலையொட்டித் தொடங்கும் இந்த வழிகாட்டி நடை, மஞ்சள் சுவர்களையும் மாடங்களையும் காட்டிப் படமெடுக்கச் சொல்வதோடு நின்றுவிடாமல், இரு அரசுகள் இந்த ஊரை வைத்து நடத்திய பேரத்தை விரிவாகப் பேசுகிறது.

1954 வரை நிலைமை தலைகீழாக இருந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்நகரில் இந்தியாதான் துணைத் தூதரகம் வைத்திருந்தது. அதன் தலைவர் கேவல் சிங், அவ்வாண்டு நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியதும் இங்கேயே முதல் தலைமை ஆணையராகப் பொறுப்பேற்றார். வழிகாட்டி அடுத்து, லேமினேட் செய்த நகல் ஒன்றை எடுத்து நீட்டினார். இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட 1956 மே 28 ஒப்பந்தத்தின்படி, அது நடைமுறைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்ற பகுதி அதில் மஞ்சள் மையால் கோடிடப்பட்டிருந்தது. பாரீஸ் இழுத்தடித்து, அல்ஜீரியப் போர் ஓய்ந்த பிறகே, 1962 ஆகஸ்ட் 16 அன்று அது நடைமுறைக்கு வந்தது. பல புதுச்சேரிக் குடும்பங்கள் இன்றும் இந்த அலுவலகத்தின் படியேறுவதற்கான காரணம் அந்த ஒரு பத்தியில் இருக்கிறது.

குறையும் உண்டு. 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்த 1954 கீழூர் வாக்கெடுப்பை இரண்டு வரியில் கடந்துவிட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது போதாது. கட்டணமும் சற்றுக் கூடுதல்தான். தமிழில் விளக்கும் குழுவை முன்பதிவின்போதே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.