3.54 போய் 4.10 வந்த பிறகு: பழைய டீசல் பிக்கப்பில் ஆக்ஸில் கியர் அனுபவம்

ஆக்ஸில் கியரை, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற அதை இயக்கும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் (3.54, 4.10 என்பவை அந்த எண்கள்) என்பதைத் தீர்மானிக்கும் பற்சக்கர ஜோடியை, மாற்றினால் வண்டிக்குப் புது பலம் வந்துவிடும் என்று நம்பி யாரும் பணத்தை எடுத்து வைக்க வேண்டாம். இன்ஜினின் குதிரைத்திறன் அப்படியேதான் இருக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது மட்டும்தான் மாறும். அந்த ஒன்றுக்காகத்தான் நான் செலவு செய்தேன். சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு என் தேவைக்கு அது சரியாகவே இருந்தது என்று சொல்வேன். உங்கள் தேவைக்கும் சரியா என்பது நீங்கள் எந்தச் சாலையில், எவ்வளவு எடையோடு போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

வண்டி 1997ஆம் ஆண்டின் டாட்ஜ் ராம் 2500. 5.9 லிட்டர் பன்னிரண்டு வால்வு கம்மின்ஸ் இன்ஜின், மின்னணு எதுவும் கலக்காத டீசல் பம்ப், என்வி4500 என்ற ஐந்து கியர் மேனுவல் பெட்டி, ஃபோர் வீல் டிரைவ். மேனுவல் கியர் வண்டிக்கு 215 குதிரைத்திறன். முறுக்குவிசை 440 பவுண்டு-அடி, அதன் உச்சம் 1600 சுற்றிலேயே வந்துவிடும். நான் இருப்பது கொலராடோவில், டென்வர் பக்கம். வாரநாட்களில் வெறும் வண்டி ஓடும். விடுமுறை என்றால் பின்னால் மூன்று டன்னுக்குச் சற்று அதிகமான கேம்பர் டிரெய்லர் சேர்ந்துகொள்ளும்.

வண்டி என்னிடம் வந்தபோது 3.54 ஆக்ஸில் இருந்தது. கிரவுன் என்ற பெரிய பற்சக்கரத்தில் 46 பல், அதைச் சுற்றும் பினியன் என்ற சிறிய பற்சக்கரத்தில் 13 பல், வகுத்தால் 3.54. இந்த எண்ணைச் சொல்லப் பின் ஆக்ஸில் மூடியில் இருக்க வேண்டிய தகடு பழைய வண்டிகளில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். மூடியைத் திறந்தால் கிரவுன் விளிம்பிலேயே பல் எண்ணிக்கை பொறித்திருக்கும், அதை நம்பலாம்.

முன்பு வைத்திருந்தவர் அழகுக்காகப் பெரிய டயர் போட்டிருந்தார். அசல் 245/75ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 30.5 அங்குலம். அவர் போட்ட 285/75ஆர்16 டயருக்கு 32.8 அங்குலம். பார்க்க இரண்டே அங்குல வித்தியாசம்தான். ஆனால் கணக்குப் போட்டால் 3.54 ஆக்ஸில் 3.29 ஆக்ஸில் போல நடந்துகொள்ளும். கியரைத் தொடாமலேயே கியர் மாறிவிட்டது! பெரிய டயர் போட்டுவிட்டு ‘வண்டி முன்பு போல் இழுக்கவில்லை’ என்று டீசல் தெளிக்கும் இஞ்செக்டரைச் சோதிக்கப் போகிறவர்கள் முதலில் டயரைப் பார்ப்பது நல்லது.

ஆக்ஸில் எண்ணை மட்டும் தனியாகப் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். 1989இல் வந்த முதல் கம்மின்ஸ் டாட்ஜ்களில் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு 3.07 ஆக்ஸில். டீசல் பிக்கப்புக்கு 3.07 என்று கேட்டாலே சிலர் சிரிப்பார்கள். அந்த ஆட்டோமேட்டிக்குக்கு மூன்றே கியர், ஓவர்டிரைவ் (இன்ஜினைவிடத் தண்டு வேகமாகச் சுற்றும் கியர்) கிடையாது, கடைசிக் கியரின் எண் ஒன்று, அதாவது இன்ஜினும் தண்டும் ஒரே வேகத்தில் சுற்றும். என் பெட்டியின் ஐந்தாம் கியர் 0.75. அதை 4.10 ஆக்ஸிலோடு பெருக்கிப் பாருங்கள், 3.075 வரும். டயர் அளவு ஒன்றாக இருந்தால் நெடுஞ்சாலையில் இரண்டு இன்ஜினும் ஒரே சுற்றில்தான் ஓடும். பெட்டியின் கடைசிக் கியர், ஆக்ஸில், டயர் மூன்றையும் சேர்த்துப் பெருக்கிப் பார்க்காமல் ‘4.10 அதிகம், 3.54 குறைவு’ என்று பேசுவதில் பயனில்லை. கணக்கு எளிது: மைல் வேகத்தை 336ஆல் பெருக்கி, அங்குல விட்டத்தால் வகுத்து, ஆக்ஸில் எண்ணாலும் கியர் எண்ணாலும் பெருக்கினால் இன்ஜின் சுற்று.

ஐ-70 சாலையில் டென்வரிலிருந்து மேற்கே போனால் ஐசனோவர் சுரங்கப்பாதை வரை பெரும்பாலும் ஏற்றம்தான். சுரங்கம் இருப்பது 3,400 மீட்டர் உயரத்தை ஒட்டி. சரிவு சில இடங்களில் ஆறு விழுக்காட்டை ஒட்டி. டிரெய்லரோடு மொத்தம் ஆறு டன்னுக்கு மேல் எடையை இந்த இன்ஜின் அங்கே 40 முதல் 50 மைல் வேகத்தில்தான் ஏற்றும். எந்தக் கியர் போட்டாலும் அதில் பெரிய மாற்றம் வராது, இருக்கும் குதிரைத்திறன் அவ்வளவுதான். அந்த 40-50 மைலில் இன்ஜின் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

இந்தப் பெரிய டயரோடு 3.54 ஆக்ஸிலில், எண் ஒன்றான நான்காம் கியரில் 40 மைல் என்றால் 1450 சுற்று. முறுக்குவிசையின் உச்சத்துக்குக் கீழே போய்விட்டது. முழு மிதி கொடுத்தால் வண்டி முனகும், வேகம் ஏறாது, புகைபோக்கிச் சூடு ஏறிக்கொண்டே போகும். சரி, மூன்றாம் கியருக்கு இறங்கலாம் என்றால் அதன் எண் 1.67. அதே 40 மைலில் இன்ஜின் 2400ஐத் தாண்டும். இந்தப் பம்பில் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் 2500ஐ நெருங்கும்போதே டீசலைக் குறைக்கத் தொடங்கும். ஆக, மேலே போனால் மூச்சடைப்பு, கீழே வந்தால் கத்தல். ஏற்றத்தில் வண்டி வந்து நிற்கும் வேகமும் சரியாக அந்த இடைவெளியில்தான் விழும்.

4.10 போட்ட பிறகு நான்காம் கியரில் 40 மைலுக்கு 1680 சுற்று, 45க்கு 1890, 50க்கு 2100. ஏற்றம் முழுவதையும் நான்கிலேயே முடித்துவிடலாம். அதே வேகத்தில் சுற்று கூடுவதால் இன்ஜின் தரக்கூடிய திறனும் அந்த இடத்தில் கூடுதலாகக் கிடைக்கிறது, மேட்டில் சில மைல் வேகம் மிஞ்சுகிறது. அதைவிடப் பெரிய நிம்மதி, வெப்பமானியைப் பார்க்கும்போது வருவது. டர்போவுக்கு முன்னால் புகையின் சூட்டைக் காட்டும் முள் 1250 ஃபாரன்ஹீட்டை, அதாவது 675 செல்சியஸை ஒட்டினால் காலை எடுப்பது என் வழக்கம். முன்பு அடிக்கடி எடுக்க வேண்டியிருந்தது, இப்போது அரிதாகத்தான். சுற்று கூடினால் காற்று அதிகம் போகும், அதே டீசல் குறைந்த சூட்டில் எரியும்.

என்வி4500 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. டாட்ஜுக்கு வந்த இந்தப் பெட்டியில் ஐந்தாம் கியரைத் தண்டில் பிடித்திருக்கும் நட்டு தளர்வது ஊரறிந்த வியாதி. தாழ்ந்த சுற்றில், கனத்த சுமையோடு, ஐந்திலேயே இழுத்துக்கொண்டு போனால் அந்த அதிர்வு நட்டைச் சீக்கிரம் தளர்த்திவிடும். ஒரு நாள் ஐந்தாம் கியர் திடீரென்று இல்லாமல் போகும். 3.54 ஆக்ஸிலும் பெரிய டயரும் சேர்ந்தால் 55 மைலில் ஐந்தாம் கியர் 1500 சுற்றுக்குக் கீழே போகும், அங்கே மிதிப்பது நட்டுக்கு நல்லதல்ல. 4.10இல் அதே வேகத்துக்கு 1730.

இறக்கத்திலும் வித்தியாசம் உண்டு. டீசல் இன்ஜினில் காற்றை அடைக்கும் திராட்டில் கிடையாது என்பதால் காலை எடுத்தாலும் வண்டி பெரிதாக அடங்காது. புகை வெளியேறும் வழியை அடைத்து இன்ஜினை அடக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டிருக்கிறேன். அதுவும் சுற்று ஏற ஏறத்தான் நன்றாகப் பிடிக்கும். சுரங்கத்தைத் தாண்டி சில்வர்தோர்ன் பக்கம் இறங்கும்போது கால் பிரேக்கின் வேலை முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

சமவெளிக்குப் போனால் இந்தப் பாராட்டெல்லாம் அடங்கிவிடும். கன்சாஸ் பக்கம் 75 மைல் வேக வரம்பு. 4.10 ஆக்ஸிலில் அது 2360 சுற்று. சத்தம் காதை நிறைக்கும், கவர்னர் எட்டும் தூரத்தில் நிற்கும். நான் 65இல் 2050 சுற்றோடு வலது ஓரத்தில் போய்விடுவேன், பின்னால் வருபவர்கள் முறைப்பார்கள். வெறும் வண்டியில் மைலேஜ் கேலனுக்கு ஏறத்தாழ இரண்டு மைல் குறைந்திருக்கிறது. டிரெய்லரோடு மலையேறும்போது முன்புக்கும் இப்போதைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எதிர்க்காற்று பலமாக இருக்கும் நாளில் சமவெளியிலும் 4.10 தன் பங்கைச் செய்யும், பெட்டி போன்ற டிரெய்லருக்கு அந்தக் காற்றும் ஒரு மேடுதான்.

வேலை என்று பார்த்தால் சிறியதல்ல. ஃபோர் வீல் டிரைவ் என்பதால் முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் ஒரே எண்ணுக்கு மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் நான்கு சக்கரத்தில் போடும்போது ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். முன்பக்க ஆக்ஸிலான டானா 60இல் 4.10 கிரவுன் பழைய கேரியரிலேயே (கிரவுனைத் தாங்கும் கூடு) உட்காரும். பின்பக்க ஆக்ஸிலான டானா 80இல் அப்படி இல்லை. 3.73 வரை ஒரு கேரியர், 4.10 முதல் வேறு கேரியர். பாகங்கள் பட்டியல் போடும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பினியன் ஆழம், பல் இடைவெளி, பேரிங் இறுக்கம் எல்லாம் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யும் நுணுக்கமான வேலை. வண்ணப் பசை தடவிப் பல் எங்கே பதிகிறது என்று காட்டாத மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். புது கிரவுன் பினியனுக்கு முதல் 500 மைல் டிரெய்லர் கூடாது, அதன் பிறகு ஆயிலை மாற்ற வேண்டும். பழைய வண்டிகள் உடைக்கும் இடத்தில் 4.10 ஆக்ஸில் முன்னும் பின்னும் முழுதாகக் கிடைத்தால் அதுவே மலிவு. எனக்குக் கிடைக்கவில்லை.

நடுவில் இருக்கும் 3.73 பற்றிப் பலர் கேட்கிறார்கள். பழைய கேரியரே போதும் என்பது உண்மைதான், ஆனால் ஐந்து விழுக்காடு மாற்றத்துக்காக இரண்டு ஆக்ஸிலையும் பிரிப்பது எனக்கு வீண் செலவாகவே படுகிறது. கியர் வென்டர்ஸ் நிறுவனத்தின் ஓவர்டிரைவ் பெட்டியைக் கூடுதலாகப் பொருத்தினால் 0.78 விகிதத்தில் ஒவ்வொரு கியருக்கும் நடுவே ஒரு கியர் கிடைக்கும், மலையும் சமவெளியும் இரண்டும் சரியாகும். அதன் விலையில் இதே வயதுள்ள இன்னொரு வண்டியைத் தேடலாம். டிரெய்லர் இல்லாமல் அசல் டயரோடு நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுபவர் 3.54ஐத் தொடவே வேண்டாம். இப்போதைய டயர் தேய்ந்தாலும் நான் அதே 285தான் வாங்கப் போகிறேன். அசல் அளவுக்குத் திரும்பினால் 75 மைலில் 2500ஐத் தாண்டிவிடும், கன்சாஸில் அது தாங்காது.