எங்கள் கம்பெனியின் அப்ரைசல் ஆப்பு: இரண்டு சுற்று ஓட்டிய பிறகு

ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டிஸ்பாட்ச் பார்க்கிறேன். பதினாலு வருடம் ஆகிறது. கடைசி ஆறு வருடமாக ஏழு பேருக்கு நான் பொறுப்பு. 2023 ஏப்ரலில் எங்கள் ஹெச்.ஆர். ஒரு அப்ரைசல் ஆப்பை, அதாவது வருடம் முழுக்கச் செய்த வேலைக்கு மதிப்பெண் போடும் ஆப்பை, இறக்கினார்கள். 2023-24, 2024-25 என்று இரண்டு சுற்று முடிந்துவிட்டது. எல்லோர் கையிலும் கொடுத்தாயிற்று, யாரும் நல்லது கெட்டது எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். ஆப்பின் பெயரைச் சொல்ல மாட்டேன், என் மேலாளரும் இதைப் படிக்கலாம். அதோடு இந்த ஆப்கள் எல்லாமே ஒன்றுக்கொன்று ஒன்றுவிட்ட தங்கச்சிகள். பக்கத்துக் கம்பெனியில் நிறம் வேறு, லோகோ வேறு, கேள்வி அதேதான். எங்கள் லைனில் எல்லோரும் இதை "ஆப்பு" என்றுதான் சொல்கிறார்கள். உச்சரிப்புப் பிழை என்று நினைக்க வேண்டாம்.

முன்பு இருந்தது எக்செல் ஷீட். மஞ்சள் கட்டம் நமக்கு, பச்சைக் கட்டம் மேலாளருக்கு. மே மாதம் முழுக்க அது மெயிலில் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு வருடம் என் ஷீட்டின் பச்சைக் கட்டத்தில், "இரவு ஷிஃப்டில் மெஷின் பராமரிப்பில் சிறந்து விளங்குகிறார்" என்று இருந்தது. நான் இரவு ஷிஃப்டே பார்த்ததில்லை. அதற்கு இந்த ஆப் எவ்வளவோ தேவலை. நம் பெயர், நம் கேஆர்ஏ (நமக்கென்று வகுத்த முக்கியப் பொறுப்புகள்), நம் ரேட்டிங் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது, போன வருடத்தையும் எடுத்துப் பார்க்கலாம்.

எரிச்சலூட்டும் விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபது நிமிடம் கை வைக்காமல் விட்டால் வெளியே தள்ளிவிடும், எழுதியது போச்சு. நான் இப்போது வாட்ஸாப்பில் எனக்கு நானே எழுதி வைத்துக்கொண்டு அங்கிருந்து ஒட்டுகிறேன். கடைசி தேதியன்று மதியத்துக்கு மேல் திறக்கவே திறக்காது. அப்புறம் எழுத்து எண்ணிக்கை. ஒவ்வொரு பதிலுக்கும் 500 எழுத்து. தமிழில் அடித்தால் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றையும் தனி எழுத்தாக எண்ணுகிறது. "பொறுப்பு" நமக்கு நாலு எழுத்து, அதற்கு எட்டு. இங்கிலீஷில் எழுதுகிறவருக்குக் கிடைக்கும் இடம் நமக்குக் கிடைக்காது. லைன் சூப்பர்வைசர்கள் பாதிப்பேர் தமிழில்தான் அடிக்கிறார்கள். இதை ஹெச்.ஆரிடம் சொன்னேன், டிக்கெட் போடச் சொன்னார்கள். போட்டேன். டிக்கெட்டை மூடிவிட்டார்கள்.

இலக்கு போடும் பகுதி இன்னொரு கூத்து. மேலே எம்.டி. போடுகிற இலக்கு அப்படியே படிப்படியாகக் கீழே இறங்கி வருகிறது. எம்.டி.யின் இலக்கு "எக்ஸ்போர்ட் 12 சதவீதம் உயர்வு". அது டைரக்டர், ஜி.எம்., மேனேஜர் என்று இறங்கி, கடைசியில் பேக்கிங் சூப்பர்வைசர் போனில் வந்து நிற்கிறது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஏப்ரலில் ஒரு நாள் டீ டைமில் போனை நீட்டினார்.

"மேடம், எக்ஸ்போர்ட்டை நான் எப்படி மேடம் ஏத்துறது?"

"நீங்க ஏத்த வேணாம்ணே. இந்த வருஷம் என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

"என்ன பண்ணேன்... பெட்டி கட்டுனேன்."

தோண்டிக் கேட்டபோது வந்தது. கடல் வழியாகப் போகும் பெட்டிகளில் வருடம் முழுக்க ஒரு துருப் புகார்கூட வரவில்லை. அதற்கு முந்தைய வருடம் நாலு வந்தது. இவர் செய்தது, பாகம் துரு பிடிக்காமல் இருக்கச் சுற்றும் விசிஐ பேப்பரை மடிக்கும் விதத்தை மாற்றியதுதான். முன்பு மூலையில் வாய் திறந்திருக்கும், இப்போது பொட்டலம் கட்டுகிற மாதிரி உள்ளே மடித்துச் செருகுகிறார். சின்ன வயதில் மளிகைக் கடையில் வேலை பார்த்த கை. வெறுங்கையால் பாகத்தைத் தொட்ட பையன்களை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார், வியர்வை பட்டால் அந்த விரல் ரேகையிலேயே துரு பிடிக்குமாம். இதில் எதற்கும் ஆப்பில் இடம் இல்லை. "எக்ஸ்போர்ட் உயர்வு" என்ற தலைப்பின் கீழ்தான் செருகினோம். 500 எழுத்தில் மடிப்பு வரைக்கும்தான் வந்தது, விரல் ரேகை வரவில்லை.

இப்போது நல்லதைச் சொல்ல வேண்டும். இந்த ஆப்பில் "குறிப்பு" என்று ஒரு பட்டன் இருக்கிறது. வருடத்தில் எந்த நாளிலும், யார் மீதும், நல்லதாக ஒரு வரி எழுதி, போட்டோவோடு போட்டுவைக்கலாம். தேதி தானாக விழும், பிறகு யாராலும் மாற்ற முடியாது. முதலில் நான் இதைச் சட்டை செய்யவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. ஓசூர் வாடிக்கையாளரின் லைன் நிற்கக்கூடாது, இங்கே மூன்று லோடு தயாராக நிற்கிறது, வழக்கமாகப் போகும் வழியில் தண்ணீர். என் குழுவில் இருக்கும் பிளானிங் பையன் செக்யூரிட்டி அறையில் இரண்டு ராத்திரி இருந்து, மூன்று லாரியையும் வாலாஜாபாத், காஞ்சிபுரம் என்று சுற்றி விட்டு பெங்களூர் ஹைவேயில் ஏற்றிவிட்டான். வீட்டில் கரன்ட் வந்த பிறகு 6ஆம் தேதி நான் ஒரு குறிப்பு போட்டேன், சக்கரத்தில் பாதி வரை தண்ணீரோடு லாரி நிற்கும் போட்டோவோடு.

மே மாதம் மேலாளருடன் உட்கார்ந்தபோது திரையில் எங்கள் பிரிவு சிவப்பாக இருந்தது. நேரத்துக்கு அனுப்புதல் இலக்கு 98, வந்தது 96.4. டிசம்பரை அவர் சுத்தமாக மறந்துவிட்டார். மனிதர்தானே, மேயில் நினைவிருப்பது மார்ச்தான். அது தெரிந்துதான் ஜனவரி பிறந்ததும் ஆபீஸில் பாதிப்பேர் எட்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பைத் திறந்து காட்டினேன். பையனுக்கு 5 விழுந்தது. 3-க்கும் 5-க்கும் எங்கள் கம்பெனியில் இன்க்ரிமென்டில் 6 சதவீதம் வித்தியாசம். 32,000 ரூபாய் சம்பளத்துக்கு அது மாதம் 1,920 ரூபாய். அந்தப் பட்டனுக்கு மட்டும் நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. என் அப்பா மத்திய அரசு ஊழியராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் காலத்தில் இதற்கு சி.ஆர். என்று பெயர், ரகசிய அறிக்கை. மேலதிகாரி மோசமாக எழுதியிருந்தால் சொல்வார்கள், மற்றபடி என்ன எழுதினார் என்று தெரியாது. அப்பா அடிக்கடி சொல்கிற தேவ் தத் வழக்கு ஒன்று உண்டு. எல்லைப்புறச் சாலை அமைப்பில் இருந்த ஒரு எஞ்சினியர். பதவி உயர்வுக்கு ஐந்து வருடமும் "வெரி குட்" வேண்டும். அவருக்கு ஒரு வருடம் மட்டும் "குட்". திட்டு இல்லையே, பாராட்டுதானே என்று அதை அவருக்குச் சொல்லவே இல்லை, பதவி உயர்வு போயிற்று. 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம், நல்லதோ கெட்டதோ எல்லாப் பதிவையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அடுத்த வருடமே பெயரிலிருந்து "ரகசியம்" போய்விட்டது. என் ஆப்பை அப்பாவிடம் காட்டினேன். "எல்லாத்தையும் தெறந்து வெச்சிருக்கானே" என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

அவரிடம் காட்டாத திரை ஒன்று உண்டு. அது குழுப் பொறுப்பாளர்களுக்கு மட்டும் தெரியும். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு 5, இருபது பேருக்கு 4, அறுபது பேருக்கு 3, பத்துப் பேருக்கு 2. இதுதான் பெல் கர்வ். ஏழு பேரில் பத்து சதவீதம் என்றால் 0.7 ஆள். ஆப் அதை முழு ஆளாக்கிவிடும். ஒருவருக்கு 5, ஒருவருக்கு 4, நாலு பேருக்கு 3, ஒருவருக்கு 2. நான் ஏழு பேருக்கும் மனதில் பட்டதைப் போட்டேன். மேலே சிவப்புப் பட்டை வந்தது, சப்மிட் பட்டன் சாம்பல் நிறமாகி அழுத்த முடியாமல் நின்றது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் தலைவராக இருந்த காலத்தில் புகழ்பெற்ற முறை இது, 20-70-10 என்று: மேலே இருபது சதவீதம், நடுவில் எழுபது, கீழே பத்து. மைக்ரோசாஃப்ட் இதே மாதிரித் தரவரிசையை 2013-லேயே தூக்கி எறிந்துவிட்டது. ஒரகடத்துக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

முதல் வருடம் தப்பித்தேன். ஒரு பையன் மார்ச்சில் பேப்பர் போட்டுவிட்டு நோட்டீஸ் பீரியடில் இருந்தான், அவன் தலையில் 2 போனது. அவனே சிரித்துக்கொண்டு, "என் பேர்ல போட்டுக்கோங்கக்கா" என்றான். மார்ச் மாதத்தில் யாராவது பேப்பர் போட மாட்டார்களா என்று எல்லா டீம் லீடர்களும் காத்திருப்பார்கள். வெளியே சொல்ல மாட்டார்கள். இரண்டாம் வருடம் ஒருவரும் போகவில்லை. மேலாளரிடம் போய் நின்றேன். "எல்லாரும் நல்லவங்கன்னா சுமாரு யாரும்மா?" என்றார். செப்டம்பரில் சேர்ந்த ஒரு பெண் இருக்கிறாள், திருவண்ணாமலைப் பக்கம். மூன்று மாதத்தில் இன்வாய்ஸ், இ-வே பில் எல்லாம் பிடித்துக்கொண்டவள். புதுசுதானே என்று அவளுக்கு 2 போட்டேன். காரணம் கேட்கும் கட்டத்தில், "இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியவை உள்ளன" என்று எழுதினேன். பட்டன் பச்சையானது.

ரேட்டிங் வெளியான மறுநாள் காலையில் என் மேஜைக்கு வந்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. ஒரு நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றிவிட்டு, "என்னென்ன கத்துக்கணும், சொல்லுங்கக்கா" என்றாள். என்னத்தைச் சொல்வது? அரை மணி நேரம் எதையோ சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

வாங்க யோசிக்கும் கம்பெனிகளுக்கு ஒன்று சொல்கிறேன். சப்மிட் பட்டனைப் பூட்டுவது ஆப் இல்லையாம், செட்டிங்கில் ஒரு டிக்காம். ஹெச்.ஆரில் இருக்கும் ஒருவர் சொன்னார். எடுத்துவிட்டால் சிவப்புப் பட்டை எச்சரிக்கையோடு நிற்கும், சப்மிட் போகும். எங்கள் ஆட்கள் எடுக்கவில்லை. எழுத்து எண்ணிக்கைக்கும் இருபது நிமிடத்துக்கும் ஆப்பைத் திட்டலாம், இதற்கு முடியாது. மொத்தமாக ஐந்துக்கு மூன்று.

இந்த வருடத்துக்கு அந்தப் பெண்ணின் பெயரில் இதுவரை பதினோரு குறிப்பு போட்டு வைத்திருக்கிறேன்.